மெக்னீசியம் ஸ்டியரேட்டை விட்டு மாறியதில் கண்டது

மாத்திரைத் தயாரிப்பில் உராய்வு குறைப்பானாக முதலில் கை போவது மெக்னீசியம் ஸ்டியரேட்டிடம்தான். மலிவு, அரை சதவீதம் சேர்த்தாலே, பொடியை இட்டு அழுத்தும் அச்சுக்குழியான டையிலிருந்து மாத்திரை முரண்டு பிடிக்காமல் வெளியே வரும். ஆனால் பொடியை நேரடியாக அழுத்திச் செய்யும் எங்கள் மாத்திரை ஒன்றில் அது ஓயாத தலைவலி. பிளெண்டர் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றினால் போதும், ஸ்டியரேட் மற்ற துகள்களின் மேல் மெழுகுப் படலமாக அப்பிக்கொள்ளும். துகள்கள் ஒன்றோடொன்று பிடிக்காது, மாத்திரையின் கடினம் இறங்கிவிடும். தண்ணீரும் உள்ளே நுழையத் தயங்கும். கரைதிறன் சோதனை இழுத்துக்கொண்டே போகும். சிறிய பிளெண்டரில் நன்றாக வந்த கலவை பெரியதில் சொதப்பியதற்கும் இதுவே காரணம்.

இப்போது அந்த மாத்திரையில் சோடியம் ஸ்டியரில் ஃபியூமரேட் என்ற வேறொரு உராய்வு குறைப்பானைப் போடுகிறோம். கலக்கும் நேரம் சற்று முன்பின் ஆனாலும் கடினம் அவ்வளவாக அசைவதில்லை, கரைவதும் தடைப்படுவதில்லை. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஆனால் பழைய அளவையே போட்டால் சரிவராது. தொடக்கத்தில் மாத்திரையின் விளிம்பில் மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள் தெரிந்தன. டைச் சுவரில் உராய்வு குறையவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஒன்றரை சதவீதமாக்கிய பிறகே விளிம்பு பளபளத்தது. இது கட்டி பிடிக்கும் சரக்கு, சல்லடையில் சலிக்காமல் சேர்க்கவே கூடாது. விலையோ பல மடங்கு. கொள்முதல் பிரிவினர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தேறாமல் போகும் ஒரு பேட்ச்சின் விலையையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஸ்டியரிக் அமிலத்தையும் பார்த்தோம். ஆஸ்பிரின் போல, மெக்னீசியம் ஸ்டியரேட்டின் காரத்தன்மையால் சிதையும் மருந்துகளுக்கு அது பொருத்தம். மற்றபடி உராய்வைக் குறைக்கும் திறன் மட்டு; குறைந்த வெப்பத்தில் இளகுவதால், இயந்திரம் சூடேறினால், பொடியை அழுத்தும் உலோகத் தண்டில் (punch) ஒட்டும். கிளிசரில் பெஹினேட் நல்ல பொருள், ஆனால் இரண்டு, மூன்று சதவீதம் வரை தேவைப்படும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளின் கதை வேறு: ஸ்டியரேட் அங்கே ஆடையாக மிதக்கும், குடிப்பவர் முகம் சுளிப்பார். சோடியம் பென்சோயேட், பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 போன்ற கரையும் பொருள்கள்தான் வழி.

மாற்றினால் நிலைப்புத்தன்மை ஆய்வை மறுபடி நடத்த வேண்டும், அனுமதிக் கோப்பையும் திருத்த வேண்டும். அதனால் குருணையாக்கி அழுத்தும் எங்கள் பழைய மாத்திரைகளில் கை வைக்கவில்லை. அவற்றில் மெக்னீசியம் ஸ்டியரேட்தான் ஓடுகிறது, புகார் எதுவும் இல்லை.