மாக்கிட்டோ: ஏழு வருஷமா கூடவே இருக்குறவனோட ரிவ்யூ

ஜாவால யூனிட் டெஸ்ட் (கோடோட ஒரு சின்னத் துண்ட மட்டும் தனியா சோதிக்கிறது) எழுதுறவன் என்னைக்காவது ஒருநாள் மாக்கிட்டோங்கிற லைப்ரரி கிட்ட வந்து தான் ஆகணும், நானும் அப்படி வந்து மாட்டுனவன் தான், ஏழு வருஷம் ஓடிருச்சு. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன். அந்த ஒரு ஸ்டார் போனதுக்குப் பாதி காரணம் நானே, அது கீழ வரும்.

மொஹிட்டோங்கிற டிரிங்க்கோட பேர வச்சு விளையாடித்தான் இந்தப் பேரு வச்சாங்க. எங்க டீம்ல மாக் டெஸ்ட்டுன்னா "மொக்க டெஸ்ட்டு" தான், சில நாள் ரொம்பப் பொருத்தமாவும் இருக்கும்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி: உங்க ஆர்டர் கோட் பேமென்ட் கேட்வேய கூப்பிடுதுன்னு வைங்க, டெஸ்ட் ஓடும்போதெல்லாம் நெசமாவே காசு எடுக்க முடியாதுல்ல, அதுக்குப் பதிலா ஒரு டம்மிய நிறுத்தி "இந்த மெத்தட கூப்பிட்டா இதத் திருப்பிக் குடு"ன்னு சொல்லிக் குடுக்குறது தான் மாக். ஈஸிமாக்ங்கிற இன்னொரு மாக் லைப்ரரில இருந்து பிரிஞ்சு வந்தது தான் மாக்கிட்டோ. அங்க என்னென்ன மெத்தட் கால் வரும்னு மொதல்லயே எல்லாத்தையும் எழுதி, ரீப்ளே போட்டு, அப்புறம் தான் ஓட்டணும். இங்க தேவையானத மட்டும் ஸ்டப் பண்ணிட்டு (என்ன திருப்பிக் குடுக்கணும்னு சொல்லி வச்சிட்டு), ஓடி முடிச்சப்புறம் நமக்கு முக்கியமான மெத்தட கூப்பிட்டுச்சான்னு மட்டும் வெரிஃபை பண்ணா போதும், படிக்கவும் நல்லாருக்கும்.

நீங்க எதுவும் சொல்லாத மெத்தட கூப்பிட்டா லிஸ்டுக்கு காலி லிஸ்ட், நம்பருக்கு 0, பூலியனுக்கு ஃபால்ஸ், மத்த ஆப்ஜெக்டுக்கெல்லாம் பெரும்பாலும் நல் (null, எதுவுமே இல்லன்னு அர்த்தம்). இந்த நல் தான் எங்கயோ நாலு மெத்தட் தள்ளிப் போய் நல் பாயின்டர் எரரா வெடிக்கும், நீங்க ஸ்டப் பண்ண மறந்த எடத்த தேடிக்கிட்டு உக்காந்திருக்கணும்.

ஸ்பை (நெஜ ஆப்ஜெக்ட் மேல போடுற மாக், ஸ்டப் பண்ணாத மெத்தட் நெசமாவே ஓடும்) பத்தி தனியா சொல்லியே ஆகணும், ஏன்னா எல்லாரும் ஒருதடவ விழுவாங்க. காலியா இருக்குற ஒரு ஏரே லிஸ்ட்ட ஸ்பை பண்ணி, வென்னுக்குள்ள (when) ஸ்பை.கெட்(0)ன்னு எழுதி தென்ரிட்டர்ன் (thenReturn) போடுங்க, ஸ்டப் பண்ற அந்த லைன்லயே இன்டெக்ஸ் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்னு செவப்பா வரும். ஏன்னா வென்னுக்குள்ள போறதுக்கு முன்னாடியே ஜாவா அந்த கெட் மெத்தட நெசமாவே ஓட்டிருது, ஸ்பைக்கு அடியில இருக்குறது நெஜ மெத்தட். டூரிட்டர்ன (doReturn) மொதல்ல எழுதிட்டு அப்புறம் வென்(ஸ்பை).கெட்(0)ன்னு போட்டா சரியாயிரும். டாக்குமென்ட்லயே இருக்கு, நான் படிச்சது அரைநாள் போனதுக்கப்புறம் 😐

ஸ்டாடிக் மெத்தட (ஆப்ஜெக்ட் இல்லாம கிளாஸ் பேர்லயே கூப்பிடுறது) மாக் பண்ண முன்னாடி பவர்மாக்குங்கிற இன்னொரு லைப்ரரிய கட்டிக்கிட்டு அழணும். 2020ல 3.4 வெர்ஷன் வந்தப்ப மாக்கிட்டோவே அத பண்ண ஆரம்பிச்சுது, 2023ல வந்த 5ல இன்லைன் மாக்மேக்கர் (கிளாஸோட பைட்கோடையே மாத்தி மாக் பண்ற முறை) டிஃபால்ட்டே ஆயிருச்சு, ஃபைனல் கிளாஸுக்கும் (எக்ஸ்டென்ட் பண்ண முடியாத கிளாஸ்) தனியா எதுவும் சேக்க வேணாம். ஒண்ணு மட்டும், மாக்ஸ்டாடிக்க (ஸ்டாடிக் மாக்க ஆரம்பிக்கிற மெத்தட்) ட்ரைக்குள்ள வச்சு க்ளோஸ் பண்ணுங்க, இல்லன்னா அதே த்ரெட்ல அடுத்த டெஸ்ட்டு வந்து "ஏற்கனவே ரிஜிஸ்டர் ஆயிருக்கு"ன்னு அழும், அந்த டெஸ்ட்ட எழுதுனவன் வந்து உங்களத் திட்டுவான். ஜாவா 21ல ஏஜென்ட் (ஓடுற கோட மாத்துற துணை கோட்) பத்தி ஒரு வார்னிங்கும் வரும், பில்ட் ஃபைல்ல மாக்கிட்டோவ ஜாவா ஏஜென்ட்டா குடுத்துட்டா போயிரும்.

தேவையில்லாத ஸ்டப் இருந்தா டெஸ்ட்டையே ஃபெயில் பண்ற ஸ்ட்ரிக்ட் மோட் மேல மொதல்ல செம கடுப்பு, இப்ப அது இல்லாம முடியாது. ஜூனியர் பசங்க எல்லா எடத்துலயும் லீனியன்ட் (அந்த ஸ்ட்ரிக்ட தளத்துற வசதி) போட்டு அத வாயடைச்சு வச்சிருப்பாங்க, ரிவ்யூல பாத்தா விடாதீங்கப்பா.

சரி, அந்த ஒரு ஸ்டார். 499 ரூபா ஆர்டருக்கு கேட்வேய மாக் பண்ணி, சார்ஜ் மெத்தடுக்கு எனிஇன்ட் (எந்த நம்பர் வந்தாலும் ஓகே) போட்டு "சக்ஸஸ்"னு திருப்பிக் குடுக்கச் சொல்லியிருந்தேன். எல்லா டெஸ்ட்டும் பச்ச. நெஜ கேட்வே தொகைய பைசால எதிர்பாக்குது, நான் 499னு அனுப்புறேன், அது 4 ரூபா 99 பைசா எடுத்துக்கிட்டு சக்ஸஸ்னு தான் சொல்லுது. ரெண்டு நாள் ஓடுச்சு. கஸ்டமர் ஒருத்தர் கூட கம்ப்ளைன்ட் பண்ணல, எதுக்குப் பண்ணப்போறாங்க! அக்கவுன்ட்ஸ்ல இருக்குற அக்கா தான் ஃபோன் பண்ணி "தம்பி, கடைல தள்ளுபடி எதாச்சும் போட்டிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க. எனிஇன்ட்டுக்குப் பதிலா ஈக்யூ(499)ன்னு, அதாவது 499 மட்டும் தான் ஓகேன்னு கறாரா எழுதியிருந்தாலும் பச்சையா தான் வந்திருக்கும், ஏன்னா தப்பு என் தலைக்குள்ள இருந்துச்சு, மாக்குக்கு சொல்லிக் குடுத்ததும் அதே தலை தானே. நமக்குச் சொந்தமில்லாத கிளாஸ மாக் பண்ணாதீங்கன்னு அவங்களே சொல்றாங்க, ஆனா கை பழகிருச்சுன்னா இவ்ளோ ஈஸியா இருக்குறதுனாலயே எல்லாத்தையும் மாக் பண்ணத் தோணும், ஸ்டார் போனது அதுக்கு. இப்ப கேட்வேக்கு மேல சின்னதா எங்களோட ஒரு கிளாஸ் வச்சு அத மட்டும் மாக் பண்றோம், நெஜ கேட்வேயோட சாண்ட்பாக்ஸ்ல (நெஜக் காசு போகாத சோதனை எடம்) தெனமும் ராத்திரி ஒரு ரூபா ஆர்டர் ஒண்ணு ஓடுது, 100 பைசான்னு வருதான்னு பாக்குறதுக்கு.

காசு கிடையாது, எம்ஐடி லைசென்ஸ். இன்னும் ஜாவா 8லயே இருக்கீங்கன்னா மாக்கிட்டோ 5 ஓடாது, ஜாவா 11 வேணும், அதுவரைக்கும் மாக்கிட்டோ 4லயே இருங்க.