ஆணா, பெண்ணா: கடல் முள்ளெலியில் எந்த மரபணுவை நம்பலாம்?

முட்கள் நிறைந்த உருண்டைக் கடலுயிரிகளான கடல் முள்ளெலிகளில் ஆணும் பெண்ணும் தனித்தனி உயிரிகளே என்றாலும், ஓட்டையும் முட்களையும் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது. முதிர்ந்த உயிரியின் வாயைச் சுற்றியுள்ள மென்சவ்வு வழியாகப் பொட்டாசியம் குளோரைடு கரைசலைச் செலுத்தினால், உச்சியிலுள்ள துளைகளிலிருந்து வெண்ணிற விந்தோ மஞ்சள் சாயலுள்ள முட்டைகளோ வழிந்து விடை சொல்லிவிடும். இளம் உயிரிகளிடமும் பருவம் தப்பிய காலத்திலும் இது பலிக்காது. ஊதாக் கடல் முள்ளெலியின் மரபணுத்தொகுதி 2006-இல் வெளியான பிறகு, அதிலுள்ள சுமார் 23,000 மரபணுக்களில் எதன் செயல்பாட்டைத் துணைக்கு அழைப்பது என்பதே கேள்வி.

முதலில் விலக்க வேண்டியது முதன்மைக் கருவூண் (முட்டையில் கருவுக்கான உணவு) புரதத்தின் மரபணு. பெயரைக் கேட்டதும் பெண்ணுக்கே உரியது என்று தோன்றும். ஆனால் இரும்பைப் பற்றும் டிரான்ஸ்ஃபெரின் புரதக் குடும்பத்தைச் சேர்ந்த இப்புரதம் சூலகத்தைப் போலவே விந்தகத்தின் ஊட்டச் செல்களிலும் சேமிக்கப்பட்டு, இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது செலவாகிறது. இது இனப்பெருக்கச் சுரப்பியின் செழுமையைக் காட்டுமே தவிரப் பாலினத்தைக் காட்டாது.

வாசா, நானோஸ்2 ஆகிய மரபணுக்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கருவின் ஐந்தாம் செல்பிளவில் தோன்றும் மிகச் சிறிய கருச்செல்களில் இவற்றின் செயல்பாடு தெரிகிறது. இனப்பெருக்க அணுக்களின் வம்சவழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த வம்சவழி இருக்கிறதா என்பதற்கு இவை நல்ல சாட்சிகள், அவ்வளவே.

பைண்டின் நேர்மாறானது. 1977-இல் வாக்கியர், மோய் என்னும் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த இப்புரதம் விந்தணுவின் தலைநுனிப் பையில் இருந்துகொண்டு, விந்தணுவை முட்டையோடு ஒட்டவைக்கிறது. அதன் மரபணு செயல்படுவது தெரிந்தால் விந்தணு உருவாகிறது என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அது பேசத் தொடங்குவது மிகத் தாமதமாக, பாலினம் முடிவான பிறகுதான்.

ஆகவே என் தேர்வு, சூலகத்தில் ஓங்கும் ஃபாக்ஸ்எல்2 மரபணுவையும் விந்தகத்தில் ஓங்கும் சாக்ஸ்எச் மரபணுவையும் சேர்த்து அளப்பது. வளர்ந்த சுண்டெலியில் ஃபாக்ஸ்எல்2-ஐ நீக்கியபோது சூலகச் செல்களே விந்தகச் செல்களின் தன்மைக்கு மாறியதை 2009-இல் கண்டார்கள். இத்தகைய மரபணு பாலினத்தின் அடையாளமாக மட்டுமின்றி அதைக் காத்துநிற்கும் காவலாகவும் இருக்கலாம் என்பதால்தான் அதற்கு முன்னுரிமை தருகிறேன். முள்ளெலியிலும் அதே பணியைத்தான் செய்கிறது என்று இதைக் கொண்டே முடிவுகட்டிவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்து அளப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அரிதாக விந்தும் முட்டையும் ஒரே உடலில் உருவாகும் இருபால் முள்ளெலிகள் அகப்படுகின்றன, பைண்டினை மட்டும் கேட்டால் அவை அனைத்தும் ஆண் என்றே பதிவாகிவிடும்.