கல்யாண டிவிடியைப் போட்டுப் பார்த்து ஏமாந்தேன்

பூட்டுப் போட்ட டிவிடிகளை நகலெடுக்க சாஃப்ட்வேர் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், கார்டை வெளியே எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 3,260 ரூபாய். குடி முழுகிப் போகிற தொகை இல்லை. ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. சோதித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். ஏமாந்ததே அந்தச் சோதனையில்தான்.

என் பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இப்போது முத்தியால்பேட்டையில் இருக்கிறார். பிரான்சிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியில் நாற்பதுக்கு மேல் டிவிடிகள், பெரும்பாலும் லூயி து ஃபுனேஸ் நடித்த நகைச்சுவைப் படங்கள். எல்லாம் அங்கே கடையில் காசு கொடுத்து வாங்கிய அசல். அங்கிருந்து கொண்டுவந்த பிளேயர் செத்துப் பல வருஷம் ஆகிறது. டிஸ்குகளிலும் சிலது ஓரத்தில் மங்கத் தொடங்கிவிட்டது.

"டேய், இதெல்லாம் வீணாப் போறதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுடா" என்றார்.

"ஒரு வாரத்துல முடிச்சிடறேன் பெரியப்பா" என்று வாயை விட்டேன்.

முதல் டிஸ்கைப் போட்டதுமே மண்டல எண் தகராறு. எந்த நாட்டுப் பக்கம் ஓட வேண்டும் என்று டிஸ்கிலும் டிரைவிலும் குறித்து வைக்கிற எண் அது. பிரான்ஸ் 2, இந்தியா 5. கம்ப்யூட்டர் டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததே நிரந்தரமாகிவிடும். இது தெரியாமல் 2க்கும் 5க்கும் மாறி மாறிப் போட்டு மூன்று வாய்ப்பைத் தீர்த்துவிட்டு 2இல் நிறுத்தினேன். சரி, இனி ஃபைல்களை இழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால், நகலான படம் ஓடவில்லை. அப்போதுதான், நகலெடுக்க விடாமல் படத்தைக் குழப்பி வைக்கும் சிஎஸ்எஸ் என்ற பூட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

தேடினேன். "சிறந்த பத்து டிவிடி சாஃப்ட்வேர்கள்" என்று வரிசையாக வந்தன. நாலைந்து பட்டியல்களில் ஒரே சாஃப்ட்வேர்தான் முதலிடம். எதைச் சொடுக்கினாலும் ஒரே விற்பனைப் பக்கத்துக்குப் போகிறது என்பதைப் பணம் போன பிறகுதான் கவனித்தேன். அந்தப் பக்கத்தில் எல்லாப் பூட்டும் திறக்கும், எல்லா மண்டலமும் ஓடும், ஒரு முறை கட்டினால் ஆயுளுக்கும் போதும், முப்பது நாளில் பணம் திரும்பும் என்று பச்சை நிற டிக் போட்டு எழுதியிருந்தது. டிரையல் இலவசம். ஐந்து நிமிஷம் மட்டும் நகலெடுத்துக் காட்டும்.

இங்கேதான் புத்தி போனது. பெரியப்பாவின் டிஸ்கைப் போட்டுக் கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து, அலமாரியில் இருந்த என் கல்யாண டிவிடியை எடுத்துப் போட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. தாலி கட்டுவதற்கு முன்பே ஐந்து நிமிஷம் முடிந்துவிட்டது, அது வேறு விஷயம். நல்ல சரக்குதான் என்று நம்பிவிட்டேன்.

ஸ்டுடியோக்காரர் எழுதித் தரும் கல்யாண டிவிடியில் பூட்டே கிடையாது. அதை நகலெடுக்க எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம். டிஸ்கில் வீடியோ_டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை அப்படியே இழுத்துப் போட்டால் போதும். திறந்து கிடக்கிற வீட்டில் சாவியைச் சோதித்துப் பார்த்தவன் நான்.

விலை 29.95 டாலர். பணம் கட்டும் பக்கத்தில் "பதிவிறக்கப் பாதுகாப்பு" என்று 6.95 டாலருக்கு இன்னொரு சாமான் நான் கேட்காமலே டிக் போட்டு உட்கார்ந்திருந்தது. சின்ன எழுத்து, நான் பார்க்கவில்லை. வெளிநாட்டுத் தளங்கள் பல சமயம் ஓடிபி கேட்பதில்லை. கேட்டிருந்தாலாவது மொத்தத் தொகை கண்ணில் பட்டிருக்கும். கார்டு எண்ணைப் போட்டதும் பணம் போய்விட்டது. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் தனி.

சாஃப்ட்வேரை முழுசாகத் திறந்துவிடும் சாவி எண் வந்தது. பெரியப்பாவின் டிஸ்கைப் போட்டேன். இரண்டு மணி நேரம் ஓடி நூறு சதவீதம் என்றது. திறந்தால் படம் முழுக்கப் பச்சையும் ரோஸுமாகக் கட்டம் கட்டமாக நொறுங்குகிறது, சத்தம் விட்டு விட்டு வருகிறது. இன்னும் மூன்று டிஸ்க் போட்டேன். அதே கதை.

ஏன் இப்படி வருகிறது என்று பிறகு படித்துப் புரிந்துகொண்டேன். சிஎஸ்எஸ் பூட்டு டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் குழப்புவதில்லை. ஒவ்வொரு துண்டின் தலைப்பகுதியை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைத்தான் குலைக்கிறது. அதனால் பிளேயருக்கு இது படம் என்று தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. இந்தப் பூட்டைத் திறக்கும் சாவிகள், சாதாரணமாக நகலெடுக்கும்போது கூடவே வராத ஓர் இடத்தில் டிஸ்கிலேயே ஒளிந்திருக்கின்றன. கடையில் வாங்கும் வெற்று டிஸ்கில் அந்தச் சாவிகளுக்கான இடத்தில் எழுத முடியாதபடி முன்பே அடைத்துத்தான் விற்கிறார்கள். ஆகவே பூட்டைத் திறக்காமல் எடுக்கிற நகல் குப்பைதான். நான் வாங்கிய சாஃப்ட்வேர் பூட்டைத் தொடவே இல்லை. குப்பையைப் பத்திரமாக வேறு ஃபைலாக மாற்றித் தந்திருக்கிறது.

சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன். "உங்கள் டிஸ்கில் மிகப் புதிய வகைப் பாதுகாப்பு உள்ளது, பிளாட்டினம் பதிப்புக்கு மாற 24.95 டாலர்" என்று பதில். டிஸ்கின் அட்டையில் 2003 என்று அச்சாகியிருக்கிறது. சிஎஸ்எஸ்ஸை 1999இலேயே உடைத்துவிட்டார்கள். நார்வேயில் அதற்காக வழக்குக்கு இழுக்கப்பட்ட பையன் விடுதலையானதும் 2003இல்தான். இதில் புதுமை எங்கிருந்து வந்தது?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். வாங்கும் முன் சோதித்துப் பார்க்க டிரையல் கொடுத்திருப்பதால், வேலை செய்யவில்லை என்ற காரணத்துக்குப் பணம் தருவதில்லையாம். முப்பது நாள் வாக்குறுதிக்குக் கீழே இணைப்பைத் தொட்டு உள்ளே போனால் உண்மையிலேயே அப்படி ஒரு வரி இருக்கிறது. சாவி எண்ணைப் பயன்படுத்திவிட்டாலும் கிடையாது. பயன்படுத்தாமல் வேலை செய்யவில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

எரிச்சலில் அந்த சாஃப்ட்வேர் நிறுவியிருந்த ஃபோல்டரைத் துழாவினேன். உள்ளே எஃப்எஃப்எம்பெக் ஃபைல்கள். 2000இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய இலவசக் கருவி அது. வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையை அதுதான் செய்திருக்கிறது. இவர்கள் மேலே ஒரு சட்டையை மாட்டி டாலருக்கு விற்கிறார்கள். இப்படி நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்ட திறந்த மூலக் கருவிகளைச் சேர்த்துக் காசுக்கு விற்பது தப்பில்லை, உரிம நிபந்தனைகளை மதித்தால் போதும். இவர்கள் அதன் பெயரைக்கூட எங்கேயும் சொல்லவில்லை.

இந்தத் தொழிலில் ஏன் இப்படிப்பட்டவர்கள் அதிகம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. பெயரும் முகவரியும் வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்கள் நிலைக்கவில்லை. அமெரிக்காவில் 321 ஸ்டுடியோஸ் என்ற நிறுவனம் இதே வேலைக்கு சாஃப்ட்வேர் விற்று, நீதிமன்றத் தடையில் சிக்கி 2004இல் கடையைச் சாத்தியது. பிரான்சில் சொந்தப் பயனுக்கு நகலெடுக்க விதிவிலக்கு உண்டு என்றாலும், அதைக் காட்டிப் பூட்டை எடுக்கச் சொல்ல முடியாது என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. நம் நாட்டில் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய டிஸ்கை வீட்டுக்குள் பார்ப்பது அந்த நோக்கத்தில் வராது என்பது என் எண்ணம். நான் வக்கீல் இல்லை. ஆனால் "உலகம் முழுக்க நூறு சதவீதம் சட்டப்படி சரி" என்று ஒரு விற்பனைப் பக்கம் எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்காகவே ஜன்னலை மூடிவிடலாம்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால் டிரையலில் போட வேண்டியது உங்களுக்குத் தகராறு கொடுக்கும் அதே டிஸ்கை. ஐந்து நிமிஷம்தான் வரும் என்றாலும் கட்டம் கட்டமாக வருகிறதா என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். கீறல் விழும் என்ற என் பயம் வெறும் பயம். டிரைவில் டிஸ்கின் படம் உள்ள பகுதியைத் தொடுவது லேசர் வெளிச்சம் மட்டும்தான்.

வங்கியில் தகராறு மனு கொடுத்தேன். ஒன்றரை மாசம் கழித்து, பொருள் வந்து சேர்ந்ததற்கு விற்பவர் சான்று காட்டிவிட்டார் என்று மனுவை மூடிவிட்டார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான், பொருள் வந்து சேர்ந்தது. அன்றைக்கே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைத்தேன். போன மாசம் அந்தப் "பதிவிறக்கப் பாதுகாப்பு" ஒரு வருஷம் முடிந்து, தானாகவே 6.95 டாலர் எடுக்கப் பார்த்திருக்கிறது. மறுக்கப்பட்டது என்று எஸ்எம்எஸ் வந்தது.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். நகலெடுக்கிற யோசனையை அப்படியே விட்டுவிட்டேன். விஎல்சி பிளேயரைப் போட்டு லேப்டாப்பை டிவியோடு இணைத்தேன். பாரிஸ் பக்கத்தில் மாணவர்கள் தொடங்கியது அது, காலணா வேண்டாம். டிரைவ் 2ஆம் மண்டலத்திலேயே நிற்பதால் டிஸ்க் சண்டை போடாமல் ஓடியது. அவர் அரை மணி நேரம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இதுக்கு எவ்வளவுடா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகல பெரியப்பா, ஃப்ரீ" என்றேன். பாதி உண்மை.