பிரிசர்விஷன் ஏரெட்ஸ் 2: அப்பா சாப்பிடும் கண் மாத்திரை

அப்பாவுக்கு வயது 74. இரண்டு கண்ணிலும் மாகுலர் டீஜெனரேஷன், அதாவது விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா வயதாக ஆகச் சிதையும் நோய். உலர் வகை, இடைநிலை. ஸ்கேன் படத்தில் மாகுலாவைச் சுற்றிப் படிந்திருந்த மஞ்சள் புள்ளிகளைக் காட்டி, ஏரெட்ஸ் 2 ஃபார்முலா மாத்திரை (ஏரெட்ஸ் என்ற கண் ஆய்வின் பெயரில் வந்த வைட்டமின் கலவை) எழுதிக் கொடுத்தார் டாக்டர். மருந்துக்கடையில் அதே மாதிரிதான் என்று வேறொன்றை எடுத்துத் தந்தார்கள். அட்டையைத் திருப்பினால் பீட்டா கரோட்டின் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள்) இருந்தது. அப்பா பல வருடம் சிகரெட் பிடித்துப் பிறகு நிறுத்தியவர். வேண்டாம் என்று அங்கேயே கொடுத்துவிட்டேன்.

அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட முதல் ஏரெட்ஸ் ஆய்வில், வைட்டமின்களும் துத்தநாகமும் சேர்ந்த கலவை நோய் முற்றும் அபாயத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. அந்தக் கலவையில் பீட்டா கரோட்டினும் இருந்தது. அப்புறம் 4,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த இரண்டாவது ஆய்வான ஏரெட்ஸ் 2-இன் முடிவு 2013-இல் வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் முன்பு புகைத்து நிறுத்தியவர்கள். கீரையில் இருக்கும் நிறமிகளான லூட்டினும் ஸீயாசாந்தினும் அதன் இடத்துக்கு வந்தது இப்படித்தான்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பும் பிரிசர்விஷன் பாட்டிலில் அளவு ஏரெட்ஸ் 2 ஃபார்முலாவோடு அப்படியே பொருந்துகிறது. ஒரு நாளைக்கு வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 ஐ.யு., துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி., லூட்டின் 10 மி.கி., ஸீயாசாந்தின் 2 மி.கி. இவ்வளவு துத்தநாகம் உள்ளே போனால் உடம்பில் தாமிரம் குறையும், அதற்காகத்தான் தாமிரம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் துத்தநாகம் குமட்டும். அப்பா இட்லி முடித்த கையோடு போட்டுக்கொள்கிறார், தொந்தரவே இல்லை.

போன பார்வையை இது திருப்பித் தராது. அதை எதிர்பார்த்து யாரும் பணம் போட வேண்டாம். பக்கத்து வீட்டு அத்தை தனக்கும் ஒரு பாட்டில் கேட்டார். அவருக்கு இருப்பது கண்புரை. இந்த ஆய்வில் கண்புரைக்குப் பலன் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். நோயே வராதவர்களுக்கு வராமல் தடுக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை.

மாத்திரை சாப்பிட்டாலும் ஆம்ஸ்லர் கட்டப்படத்தை விடக்கூடாது. எங்கள் வீட்டில் பீரோ கதவில் ஒட்டியிருக்கிறது. அப்பா ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்ப்பார், பிறகு மறு கண். கோடு வளைந்து தெரிந்தால் ஈர வகையாக, அதாவது விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் கசியும் வகையாக மாறியிருக்கலாம். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசிதான் வைத்தியம், தாமதிக்கக்கூடாது.

உள்ளூர் பிராண்ட் வாங்குகிறீர்களா, சரி, தாராளமாக வாங்குங்கள். மேலே சொன்ன ஆறு அளவையும் அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ வேறு மருந்து எடுத்தாலோ டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.