பேடா, புல்லா, கீழே இறங்குவதா: மாடி வீட்டில் நாய்க்குட்டியைப் பழக்க எது நல்லது?

அபார்ட்மென்டில் சின்ன ரக நாய்க்குட்டி வாங்கும் எல்லோருக்கும் முதல் வாரமே வரும் கேள்வி, இதை எங்கே மூத்திரம் போகப் பழக்குவது என்பதுதான். எங்கள் வீடு சென்னையில், மூன்றாவது மாடி. ஷிட்ஸு பெண் குட்டி, இரண்டு மாத வயதில் வந்தது. முன்னால் இருந்த வழிகள் மூன்று. வீட்டுக்குள் மூத்திரத்தை உறிஞ்சும் பேடோ நியூஸ்பேப்பரோ விரிப்பது, பால்கனியில் ஒரு டிரேயில் நிஜப் புல் வைப்பது, முதல் நாளிலிருந்தே கீழே தூக்கிக்கொண்டு போவது. நாங்கள் எடுத்தது புல் டிரே. இன்னொரு குட்டி வந்தாலும் அதையேதான் செய்வேன்.

எந்த வழி என்றாலும் மாறாத விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அது அடக்கக்கூடிய மணி நேரம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அதுவும் தூங்கும்போதுதான். விழித்து ஓடிக்கொண்டிருக்கும்போது, சின்ன ரகத்தின் சின்ன மூத்திரப்பைக்கு ஒரு மணி நேரமே அதிகம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சற்று நேரத்திலும், விளையாடி முடித்ததும் கொண்டுபோய் விட வேண்டும். சரியான இடத்தில் போனால் அங்கேயே, அப்போதே பாராட்டி ஏதாவது ஒரு துணுக்கு தின்னக் கொடுங்கள். தப்பான இடத்தில் போனால் அடிப்பதோ மூக்கை அதில் தேய்ப்பதோ வேண்டவே வேண்டாம். நம் கண் படாமல் சோபாவுக்குப் பின்னால் போகத்தான் அது கற்றுக்கொள்ளும். தரை நனைகிறதே என்று குடிக்கும் தண்ணீரைக் குறைப்பதும் நம் ஊர் வெயிலுக்கு ஆபத்து.

கீழே கொண்டுபோவதுதான் கடைசியில் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம். ஆனால் இரண்டு மாதக் குட்டிக்கு அது சரிப்படாது. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் வரை போடுகிறார்கள். குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தெரு நாய்கள் வந்து போகும் காம்பவுண்டு ஓரத்தில், ஊசி முடியாத குட்டியை இறக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. புல்லில் உண்ணி வேறு. மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வரும். இதையெல்லாம் தாண்டினாலும் லிஃப்ட் வருவதற்குள் குட்டி கைலேயே போய்விடும். சொந்த வீடு, சுற்றுச்சுவருக்குள் சொந்த மண், தெரு நாய் நுழையாத இடம் என்று இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கவே வேண்டாம். நேராகத் தோட்டத்தில் பழக்குங்கள், அதைவிட நல்ல வழி இல்லை.

பேடின் வசதியை மறுக்க முடியாது. விரித்தால் போதும், நடுராத்திரியில் எழுந்து கதவைத் திறக்க வேண்டாம். ஆனால் ஒரு நாளைக்கு நான்கைந்து போகும், அந்தச் செலவு மாதம் முழுக்க வரும். பல் முளைக்கும் வயதில் குட்டி அதன் ஓரத்தைக் கிழித்து இழுக்கும். உள்ளே இருப்பது ஈரம் பட்டால் ஜெல்லாக ஊதும் பொருள், அதிகம் விழுங்கிவிட்டால் டாக்டரிடம் ஓட வேண்டியிருக்கும். இவை எல்லாம்கூட எனக்குப் பெரிய காரணம் இல்லை.

பெரிய காரணம் தரை. நாம் குட்டிக்கு இடத்தைச் சொல்லிக்கொடுப்பதாக நினைக்கிறோம். அது கற்றுக்கொள்வது காலுக்குக் கீழே என்ன படுகிறது என்பதை. ஏழு, எட்டு, ஒன்பது வார வயதில் எந்தப் பரப்பில் போய்ப் பழகுகிறதோ, பிறகு அதே மாதிரி பரப்பைத்தான் தேடும். என் தோழியின் பாமரேனியன் பேடில் பழகியது, அவள் வீட்டில் கச்சிதமாகப் போகும். எங்கள் வீட்டுக்கு வந்தபோது பாத்ரூம் வாசலில் கிடந்த கால்மிதியை மோந்து, இரண்டு சுற்று சுற்றி, சரியாக நடுவில் உட்கார்ந்து போனது. அதன் கணக்கில் அது தப்பே இல்லை. மெத்தென்று, ஈரம் உறிஞ்சுகிற சதுரத்தில் போ என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், போனது.

இப்போது நம் வீட்டுத் தரையை நினைத்துப் பாருங்கள். வாசலுக்கு வாசல் கால்மிதி. மதியம் ஹாலில் பாய் விரித்துப் படுக்கும் பெரியவர்கள். விருந்தாளி வந்தால் ஜமுக்காளம், கைக்குழந்தை இருந்தால் தரையெல்லாம் துணி. எங்கள் அத்தைக்குக் கட்டில் ஒத்துக்கொள்ளாது, தரையில்தான் தூங்குவார். பேடில் பழகிய குட்டிக்கும் அவர் போர்வைக்கும் நடுவே நான் எத்தனை நாள் காவல் இருப்பது? நியூஸ்பேப்பருக்கும் இதே கதைதான். கீரை ஆய, பேப்பர் படிக்க, அரிந்த காயைக் கொட்ட என்று நாம் தினமும் தரையில் பேப்பர் விரிக்கிறவர்கள். வீட்டுக்குள் வேறெங்கும் இல்லாத ஒரு பரப்பு வேண்டும் என்றால் அது புல்தான். கீழே இறங்கும் காலம் வந்தால் அங்கே காலில் படப்போவதும் அதுவே.

குட்டியை விற்பவரிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. எதன் மேல் வைத்திருந்தார்கள், மண்ணா, பேப்பரா, வெறும் சிமென்டா? கூண்டிலேயே கிடந்து, படுத்த இடத்திலேயே போய்ப் பழகிய குட்டி என்றால் எந்த வழியிலும் நாள் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

டிரே வைப்பது எளிது. நர்சரியில் கொரியன் கிராஸ், மெக்சிகன் கிராஸ் என்று மண்ணோடு பாய் பாயாக, சதுர அடிக் கணக்கில் தருவார்கள். குட்டி வட்டமடிக்க இடம் இருக்கும்படி அகலமான பிளாஸ்டிக் டிரே, அடியில் ஓட்டை, அதற்கும் அடியில் தண்ணீர் பிடிக்க இன்னொரு டிரே. அந்த இரண்டாவது டிரேயை விட்டுவிடாதீர்கள். கீழ் வீட்டு மாமி காயப்போட்ட புடவையில் ஒரு சொட்டு விழுந்தால் அன்றோடு நாய் வளர்ப்பதே சண்டையாகிவிடும். பால்கனி கம்பிக்குக் கட்டாயம் வலை அடியுங்கள், சின்ன ரகக் குட்டி கம்பி இடைவெளியில் நுழைந்துவிடும்.

பராமரிப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மூத்திரத்தில் உள்ள நைட்ரஜன் புல்லைக் கருக்கும். போனவுடன் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் மஞ்சளாவது தள்ளிப்போகும், நிற்காது. புல் பாயை அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும். வெயில் படாத பால்கனியில் அதுவும் தாங்காது. செயற்கைப் புல் மலிவு, பல நாள் வரும், ஆனால் ஈரம் அடியில் தங்கி இரண்டே வெயிலில் நாறிவிடும். தினமும் கழுவ முடிந்தவர்களுக்கு அது ஒத்துவரலாம். டிரேயையோ தரையையோ ஃபினாயில் போட்டுக் கழுவாதீர்கள். அதை மிதித்துக் காலை நக்கினால் குட்டிக்குக் கெடுதல், பழைய வாசமும் நம் மூக்குக்குத்தான் மறையும், அதன் மூக்குக்கு மறையாது. என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கிறது, வீட்டுக்குள் தப்பிப் போன இடத்துக்கு அதுதான் சரி.

என் அனுபவம் ஒரு பெண் குட்டியோடு மட்டும். காலைத் தூக்க ஆரம்பிக்கும் ஆண் நாய்க்கு டிரே நடுவில் குட்டிக் கம்பம் ஒன்று நட்டு வைக்கிறார்கள், நான் செய்து பார்த்ததில்லை. அடைமழையில் புல் ஊறிக் கிடந்தபோது எங்கள் குட்டி கால் வைக்கவே மறுத்தது. ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிய பிறகு சரியாயிற்று. நீண்ட மழையில் எப்படி என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு நான் பார்க்கவில்லை.

தடுப்பூசி முடிந்ததும் டிரேயிலிருந்து ஒரு துண்டுப் புல்லைப் பெயர்த்துக் கீழே ஓர் ஓரமாகப் போட்டோம். குட்டி மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு நேராக அதன் மேல் போய் நின்றது. வாசம் தெரிந்தது, காலுக்கும் தெரிந்தது. ஷிட்ஸுவுக்குக் குட்டை மூக்கு, வெயிலில் மூச்சு வாங்கும். அதனால் காலையிலும் மாலையிலும் கீழே, மதியத்துக்கு டிரே என்று இன்றும் வைத்திருக்கிறோம். நாயை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று யாராவது சொன்னால், குடியிருப்புச் சங்கங்கள் அப்படித் தடுக்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டுங்கள். அதே கையில் அள்ளிப் போடக் கவரும் இருக்கட்டும்.

பால்கனியே இல்லாத வீடு, முட்டி வலியோடு தனியாக இருக்கும் பெரியவர், பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர், இவர்களுக்கு நான் பேடைத்தான் சொல்வேன். கிழிக்க முடியாதபடி சட்டம் போட்ட டிரேயில் வைத்து, பாத்ரூமுக்குள் ஒரே மூலையில் வையுங்கள். கால்மிதிகளை எல்லாம் குட்டி நன்றாகப் பழகும் வரை எடுத்து மேலே போட்டுவிடுங்கள்.