பிள்ளைக்கு ஓசிடி என்று ‘பேக்கேஜ்’ கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெங்களூரில் இருக்கும் தமிழ்ப் பெற்றோர்களே, அதிலும் பானஸ்வாடி, கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம் பக்கம் இருப்பவர்களே, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். என் பத்து வயது மகளுக்கு ஓசிடி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறார்கள். வேண்டாத எண்ணமும் பயமும் திரும்பத் திரும்ப வரும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். அதைச் சரிசெய்து தருகிறோம் என்று சொன்ன ஒரு குழந்தைகள் கவுன்சிலிங் சென்டரில் 69,500 ரூபாயும் எட்டு மாதமும் தொலைத்தோம். பணம் போனதைக் கூட தாங்கிக்கொள்ளலாம், அந்த எட்டு மாதத்தில் நோயை அவர்களே வளர்த்துவிட்டார்கள். புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயர் போடவில்லை.

2024 கோடையில் இங்கே தண்ணீர் தட்டுப்பாடு வந்ததே, நினைவிருக்கும். எங்கள் அபார்ட்மென்ட் போர்வெல் வற்றி, காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விட்டார்கள், மிச்சத்துக்கு டேங்கர். குளியலறையில் பக்கெட்டில் பிடித்து வைத்துப் புழங்க ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன், ஒரு தடவை கை கழுவ இவள் முழு பக்கெட்டையும் காலி செய்கிறாள். என் மாமியார், “பொண்ணு சுத்தபத்தமா இருக்கா, விடும்மா” என்றார். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, மணிக்கட்டு வரை வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது. அப்புறம் ராத்திரி கேள்வி. “அம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” ஆகாது என்றால் இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. நான் சொன்ன குரல் கொஞ்சம் சலிப்பாக இருந்தால் அது கணக்கில் வராது, முதலிலிருந்து சொல்ல வேண்டும். தான் மனதில் ஏதோ கெட்டதாக நினைத்துவிட்டதால் அப்பா செத்துவிடுவார் என்று ஒரு குழந்தை பயந்துகொண்டு படுத்திருந்தது, எனக்கு அது புரியவே பல வாரம் ஆயிற்று.

மாடி வீட்டு அக்கா சொல்லித்தான் அந்த சென்டருக்குப் போனோம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். உள்ளே ஏசி, பொம்மைகள், சுவர் முழுக்க ஃபிரேம் போட்ட சான்றிதழ்கள். “டாக்டர் மேடம்” இருபது நிமிடம் பேசினார், பேசியது முழுக்க எங்களிடம்தான். குழந்தையிடம் பெயரும் வகுப்பும் கேட்டதோடு சரி. உடனே ‘பிரெயின் மேப்பிங்’, அதற்குத் தனியாக 9,500 ரூபாய். தலையில் ஒயர் வைத்த தொப்பி மாட்டி, ஜெல் தடவி, அரை மணி நேரத்தில் வழவழ காகிதத்தில் கலர் கலராக ஒரு ரிப்போர்ட். ஒரு சிவப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டி, “இதுதான் உங்க பொண்ணோட ஓசிடி” என்றார். நானும் என் வீட்டுக்காரரும் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வாயடைத்துப் போய்விட்டது.

இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். ஓசிடியை ஸ்கேனிலோ, தலையில் ஒயர் வைத்து மூளையின் மின்னலையைப் பதிவு செய்யும் இஇஜியிலோ கண்டுபிடிப்பதில்லை. பிள்ளையிடமும் பெற்றோரிடமும் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார்கள். எவ்வளவு தீவிரம் என்று பார்க்க சிஒய்-பாக்ஸ் என்று ஓர் அளவுகோல் இருக்கிறது. பத்துக் கேள்வி, மொத்தம் 40 மதிப்பெண். எண்ணங்களில் எவ்வளவு நேரம் போகிறது, செய்யாமல் அடக்க முடிகிறதா, பள்ளிக்கூடம் கெடுகிறதா, இப்படி. இதற்கு ஒயரும் வேண்டாம், ஜெல்லும் வேண்டாம்.

அன்றைக்கே பேக்கேஜ் பேச்சு. 24 சிட்டிங் ‘நியூரோஃபீட்பேக்’ அதோடு கவுன்சிலிங், 72,000 ரூபாய், இன்றே கட்டினால் 60,000. என் வீட்டுக்காரர் ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டையும் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அதற்கு அந்த அம்மா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: “அங்க போனா மாத்திரை ஆரம்பிச்சிடுவாங்க சார், அப்புறம் ஆயுசுக்கும் நிறுத்த முடியாது, பொம்பளைப் பிள்ளை.” அந்த ‘பொம்பளைப் பிள்ளை’யில் நாங்கள் விழுந்துவிட்டோம். ஜிபேயில் அனுப்பினோம். கையெழுத்துப் போட்ட படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில், கட்டிய பணம் திரும்பத் தரப்படாது என்று இருந்திருக்கிறது. நாங்கள் படிக்கவில்லை.

நியூரோஃபீட்பேக் என்றால் மூளை அலையைப் பார்த்து மனசை அமைதியாக்கப் பழக்குவதாம். சிட்டிங்கில் திரையில் ஒரு விமானம் பறக்கும், மனசு அமைதியானால் மேலே போகும். அவளுக்கு அது பிடித்திருந்தது, அதனால் எங்களுக்கும் நம்பிக்கை. கவுன்சிலிங்கில் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள். கெட்ட எண்ணம் வந்தால் மணிக்கட்டில் போட்டிருக்கும் ரப்பர் பேண்டை இழுத்து விட்டு “ஸ்டாப்” என்று சொல்ல வேண்டும், இது அவளுக்கு. எனக்குச் சொன்னது, அவள் எத்தனை தடவை கேட்டாலும் கட்டிப்பிடித்து “ஒண்ணும் ஆகாது கண்ணு” என்று சொல்ல வேண்டும், குழந்தைக்குப் பாதுகாப்பு உணர்வு குறைவு, அதை நீங்கள் நிரப்ப வேண்டும் என்று. ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு என்றாலும் எழுந்து உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்த குரலில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். ஹாலில் உட்கார்ந்து இடது கையில் ரப்பர் பேண்டை ஏழு தடவை சுண்டினாள். கழற்றி வலது கையில் போட்டு ஏழு தடவை. நாலாவதோ ஐந்தாவதோ சத்தம் சரியாக வரவில்லை போல, முகம் சுருங்கியது, மறுபடியும் இடது கைக்கு மாற்றி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போட்ட மாதிரி சிவப்புக் கோடு. வைத்தியம் என்று கொடுத்ததையே நோய் எடுத்துக்கொண்டுவிட்டது. சென்டரில் சொன்னேன். “இது ஹீலிங் ஃபேஸ், கூடித்தான் குறையும்” என்று சொல்லி இன்னும் 12 சிட்டிங் எடுக்கச் சொன்னார்கள். அதற்குக் கட்டவில்லை என்றாலும், இருக்கிற சிட்டிங்கையாவது முடிப்போம், நடுவில் விட்டால் கெட்டுவிடும் என்று அவர்கள் சொன்னதை நம்பி அதற்கப்புறமும் ஐந்து மாதம் கூட்டிக்கொண்டு போனோம்.

எங்களைக் காப்பாற்றியது அவளுடைய கிளாஸ் டீச்சர். கோலார் தங்கவயல் தமிழ் அம்மா. நோட்டில் ஒரே வரியை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகியிருந்த பக்கத்தைக் காட்டி, “நேரா நிமான்ஸ் கூட்டிட்டுப் போங்கம்மா, யோசிக்காதீங்க” என்றார். நிமான்ஸ் என்றால் மத்திய அரசின் மனநல, நரம்பியல் மருத்துவமனை. ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது, இத்தனை வருடம் பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். நாங்கள் கட்டிய பணத்தோடு ஒப்பிட்டால் அங்கே செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், டிபன் பாக்ஸோடு போங்கள், ஒரு நாள் முழுக்க ஆகும். குழந்தைகள் மனநலத்துக்குத் தனித் துறையும், ஓசிடிக்கென்று தனி கிளினிக்கும் அங்கே இருக்கின்றன.

அந்த டாக்டர் முதலில் கேட்டது என்னைத்தான். “அவ கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?” ஒன்றும் ஆகாது என்று சொல்வேன் என்றேன். “ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி?” பதில் சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. பதில் கேட்டதும் குழந்தைக்கு இரண்டு நிமிடம் நிம்மதி, அந்த நிம்மதிக்காக மூளை மறுபடியும் பயத்தைக் கிளப்பும், நீங்கள் ஒவ்வொரு தடவை சொல்வதும் அதற்குத் தீனி என்றார். எண்ணத்தை நிறுத்தச் சொல்வதும் அப்படித்தான், நினைக்காதே என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும்.

இதற்கு உள்ள முறையான சிகிச்சை ஈஆர்பி. பயத்தை எதிர்கொள்ள வைத்து, கை கழுவுவது, திரும்பத் திரும்பக் கேட்பது மாதிரி வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. இது நேற்று வந்தது இல்லை. லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966-லேயே இந்த வழியை எழுதியிருக்கிறார். 24 சிட்டிங் விற்ற இடத்தில் எட்டு மாதத்தில் ஒரு நாள் கூட இந்தப் பெயரை நாங்கள் கேட்டதில்லை.

மாத்திரையும் ஆரம்பித்தார்கள், குறைந்த அளவு செர்ட்ரலின். பழக்கத்துக்கு அடிமையாக்கும் மாத்திரை இல்லை, வேலை செய்யப் பல வாரம் ஆகும், தொடக்கத்தில் எரிச்சலோ படபடப்போ விபரீதமான பேச்சோ தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும், நிறுத்தும்போது டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் உட்கார்த்தி வைத்துச் சொன்னார்கள். அமெரிக்காவில் 112 பிள்ளைகளை வைத்துச் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், ஈஆர்பியை மையமாக வைத்த சிகிச்சையும் இந்த மாத்திரையும் சேர்த்துக் கொடுத்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் 12 வாரத்தில் தேறியிருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். மாத்திரைப் பயத்தைக் காட்டிப் பேக்கேஜ் விற்பவர் இல்லை.

வீட்டில் எங்கள் முதல் படி செருப்பு ஸ்டாண்டு. அவளே பயத்துக்குப் பத்துக்கு மூன்று என்று மார்க் போட்டாள். தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கை கழுவாமல் இருக்க வேண்டும். இரண்டு கையையும் விரித்து மடிமேல் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள், கண் முழுக்கத் தண்ணீர். நான் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லிக் கொடுத்தபடி, “கஷ்டமாத்தான் இருக்கும், நீ தாங்குவே” என்று மட்டும் சொன்னேன். ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. நாலாவது நிமிடத்தில் கை தானாக மடிமேல் இறங்கியது. இப்போது அதே கையோடு முறுக்கு எடுத்துத் தின்கிறாள். ராத்திரிக் கேள்வி முழுக்க நிற்கவில்லை, இரண்டு மூன்றாகக் குறைந்திருக்கிறது.

பணம் கட்டும் முன் நேராகக் கேளுங்கள், ஈஆர்பி செய்வீர்களா, எத்தனை குழந்தைக்குச் செய்திருக்கிறீர்கள் என்று. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், அதை வாங்கி ஆர்சிஐ இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். எங்கள் ‘டாக்டர் மேடம்’ பெயர் அங்கே இல்லை. சுவரில் இருந்த சான்றிதழ்களை, என் வீட்டுக்காரர் முதல் நாள் எடுத்த போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தால், ஒன்று ஆன்லைன் டிப்ளமா, இன்னொன்று கௌரவ டாக்டர் பட்டம். மொத்தமாகப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், ஒவ்வொரு சிட்டிங்குக்கும் கட்டினால் போதும். நேரில் போகும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார்கள். குழந்தையின் ஃபைலைக் கூடத் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தோம், பதில் மழுப்பலாக வந்தது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம், ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்தக் கலர் ரிப்போர்ட் எல்லாம் ஒரு கவரில் இருக்கிறது. நீங்களும் இதே மாதிரி எங்காவது கட்டியிருந்தால் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

போன சனிக்கிழமை அந்தத் தெரு வழியாக ஆட்டோவில் வந்தேன். வாசலில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள், ஓசிடி, ஆட்டிசம், ஏடிஎச்டி, விடுமுறைச் சலுகை 30 சதவீதம். உள்ளே ஓர் அம்மா கையில் ஏழெட்டு வயதுப் பையனைப் பிடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். ஆட்டோவை நிறுத்தச் சொல்வதற்குள் சிக்னல் விழுந்து வண்டி நகர்ந்துவிட்டது.