நோஷனா, அப்சிடியனா: குறிப்புகளோடு ஏஐயை இணைக்க எது தோது?

"எனக்குத் தூக்கம் எப்போதெல்லாம் கெட்டது, அந்த நாட்களில் என்ன வேலையில் இருந்தேன்?" ஆறு வருடக் குறிப்புகளை நோஷன், அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் செயலிகள் இரண்டிலும் போட்டு, இந்த ஒரே கேள்வியை வெவ்வேறு அமைப்புகளிடம் கேட்டுப் பார்த்தேன். பதில்களுக்குள் இருந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். எந்த ஏஐ கெட்டிக்காரன் என்பது அதில் பாதிகூட இல்லை. அது குறிப்புகளை எந்த வாசல் வழியாகப் போய் எடுக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் சுலபமான வழி. கூகுளின் நோட்புக்எல்எம் போன்றவற்றில் கோப்புகளை ஏற்றிவிட்டால் போதும். பதிலோடு, அது எந்தக் குறிப்பிலிருந்து வந்தது என்பதையும் காட்டும். ஒரு தேர்வுக்கோ கட்டுரைக்கோ ஒரு தலைப்பை மட்டும் பிரித்து அலச நல்ல கருவி. ஆனால் அங்கே இருப்பது பிரதிதான். நேற்று இரவு எழுதிய குறிப்பு அதற்குத் தெரியாது. தினமும் வளர்கிற குறிப்புகளுக்கு இது சரிப்படாது.

நோஷன் வேறு ரகம். 2023 தொடக்கத்திலிருந்தே அதன் ஏஐ செயலிக்குள்ளேயே இருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம். குழுவாக வேலை செய்பவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். யாருக்கு எந்தப் பக்கம் தெரியலாம் என்ற அனுமதி ஏற்கெனவே அங்கே இருக்கிறது, ஏஐயும் அதை மீறாது. வெளியிலிருக்கும் ஏஐ உதவியாளரை ஏபிஐ எனப்படும், மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாசல் வழியாக இணைத்தாலும், இன்னின்ன பக்கங்கள் மட்டும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். இடிப்பது வேகத்தில். நோஷனில் ஒவ்வொரு பத்தியும் தனித்தனி பிளாக். ஏபிஐயோ சராசரியாக நொடிக்கு மூன்று கோரிக்கைகளுக்கு மேல் ஏற்காது. ஆறு வருடக் குறிப்புகளை மொத்தமாக அலசச் சொன்னால், காபி போட்டுக்கொண்டு வரலாம்.

அப்சிடியனில் குறிப்பு என்பது கணினியில் கிடக்கும், மார்க்டவுன் என்ற எளிய குறியீடுகள் கொண்ட சாதாரண உரைக் கோப்பு. அதன் பலமும் பலவீனமும் இதுவே. கோப்பைத் திறக்கத் தெரிந்த எந்த ஏஐக்கும் அது உடனே புரியும். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ஏஐயை வெளிக் கருவிகளோடும் தரவுகளோடும் இணைக்கும் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்ட பிறகு, இந்த இணைப்பு ஓர் அமைப்புக் (கான்ஃபிக்) கோப்பில் நாலு வரி எழுதும் வேலையாகிவிட்டது. எந்த ஃபோல்டரைத் திறந்துவிடுகிறோமோ, அதற்குள் மட்டும் ஏஐ உலாவும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எம்சிபியோடு மாதிரியாக வந்த ஃபைல்சிஸ்டம் செர்வர் என்ற இணைப்பு நிரலில் கோப்புகளைத் தேட ஒரு கருவி உண்டு. அது தேடுவது கோப்பின் பெயரை. உள்ளே எழுதியிருப்பதை அல்ல. 'தூக்கம்' என்று தலைப்பிட்ட இரண்டு குறிப்புகளை ஏஐ எடுத்து வைத்துக்கொண்டு, அதுதான் என் ஆறு வருட வாழ்க்கை என்பதுபோல அழகாக ஒரு பதில் எழுதிக்கொடுத்தது. உள்ளடக்கத்தைத் தேட வேண்டுமானால் அப்சிடியனின் லோக்கல் ரெஸ்ட் ஏபிஐ என்ற பிளகின் (துணை நிரல்) வழியாகப் போகும் செர்வர் வேண்டும், அல்லது டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஓடி, கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் கட்டளையைப் போடத் தெரிந்த ஏஜென்ட் (தானாகவே வேலைகளைச் செய்யும் ஏஐ) வேண்டும்.

சரி, உள்ளடக்கத்தைத் தேடினால் எல்லாம் கிடைத்துவிடுமா? தமிழில் எழுதுபவர்களுக்கு அங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. நான் குறிப்பில் 'தூக்கத்தில்', 'தூக்கமே வரவில்லை', 'சரியாகத் தூங்கவில்லை' என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். 'தூக்கம்' என்று தேடினால் இவற்றில் ஒன்றுகூட அகப்படாது. மகர மெய்யின் புள்ளியிலேயே தேடல் நின்றுவிடும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் நல்ல ஏஜென்ட் 'தூக்க', 'தூங்' என்று மாற்றிப் பார்க்கிறது. ஆபத்து, மூன்று குறிப்புகள் கிடைத்துவிடும்போதுதான். போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. இப்போதெல்லாம் கேள்வியோடு "வேர்ச்சொல்லின் எல்லா வடிவங்களையும் தேடு" என்று ஒரு வரி சேர்த்தே கேட்கிறேன்.

இதற்கு மாற்று, அர்த்தத்தை வைத்துத் தேடும் எம்பெடிங் வகை. ஸ்மார்ட் கனெக்‌ஷன்ஸ் போன்ற அப்சிடியன் பிளகின்கள் இந்த வழியில் போகின்றன. "மூன்று மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்ற வரியை எடுத்துக் கொடுத்தது இந்த வகைதான். அதில் தூக்கம் என்ற சொல்லே இல்லை. அசந்துபோனேன். ஒரு நிபந்தனை: எம்பெடிங் செய்யும் ஏஐ மாதிரி (மாடல்) பல மொழிகள் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்காகப் பயிற்சி பெற்ற சிறிய மாதிரியை வைத்தால் தமிழ்க் குறிப்புகள் எல்லாம் அதற்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. அப்புறம், இந்த வகையிடம் "எத்தனை தடவை" என்று மட்டும் கேட்காதீர்கள். மிக நெருக்கமான பத்து, இருபது துண்டுகளைத்தான் அது எடுத்து வரும்; எண்ணிக்கையும் அதற்குள்தான் அடங்கும். எண்ணுவதற்கு கிரெப், நினைவுபடுத்திக்கொள்ள எம்பெடிங். இரண்டும் இருக்கும் அமைப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

இதுவரை சொன்னது படிக்கும் அனுமதி. எழுதும் அனுமதி கொடுத்து ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். ஓர் உதவியாளரிடம், "ஒரே அர்த்தம் தரும் டேக்குகளை ஒன்றாக்கு" என்றேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்றது. போய்ப் பார்த்தால் #படிக்கவேண்டியவை, #படித்தவை இரண்டும் #வாசிப்பு ஆகியிருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குறிப்புகளில், எதை முடித்தேன், எது பாக்கி என்ற கணக்கே அழிந்துவிட்டது. முந்தின நாள், கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமிக்கும் கிட் என்ற கருவியில் பதிவு (கமிட்) செய்து வைத்திருந்ததால் ஒரே கட்டளையில் பழைய நிலை திரும்பியது. சாதாரணக் கோப்புகளாக இருப்பதன் அருமை அன்றுதான் தெரிந்தது. நோஷனிலும் பக்க வரலாறு உண்டு. ஆனால் நூறு பக்கங்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு இழுப்பதை நினைத்தாலே கை வலிக்கிறது.

வலைப்பக்கங்களை வெட்டிச் சேமிக்கும் பழக்கம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அந்தப் பக்கத்துக்குள் ஏஐக்கான கட்டளை ஒளிந்திருக்கலாம். ஏஐ அதை நீங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். அந்தரங்கத் தரவு, வெளியார் எழுத்து, வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரே ஏஜென்டிடம் சேர்வதை நிரலாளர் சைமன் வில்லிசன் 2025இல் உயிருக்கு உலை வைக்கும் கூட்டணி என்ற பொருளில் குறிப்பிட்டார். அதனால் குறிப்புகளைப் படிக்கும் ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பும் கருவியைக் கூடவே இணைக்காதீர்கள்.

எதுவும் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது என்றால் ஒல்லாமா போன்ற மென்பொருளில் ஏஐ மாதிரியைச் சொந்தக் கணினியிலேயே, அதாவது உள்ளூரிலேயே ஓட்டலாம். எட்டு பில்லியன் அளபுருக்கள் (பாராமீட்டர்கள்) கொண்ட மாதிரிக்கு 16 ஜிபி நினைவகம் தாங்கும். ஆனால் இயல்பாக அமைந்திருக்கும் கான்டெக்ஸ்ட் அளவு (மாதிரி ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரையின் அளவு) சிறியதாக இருந்தால், மிஞ்சியதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் பல டோக்கன்களாக (மாதிரி கணக்கில் எடுக்கும் சிறு துண்டுகளாக) உடைவதால் நமக்கு அது இன்னும் சீக்கிரம் நிரம்புகிறது. அமைப்பில் அந்த எண்ணைக் கூட்டிய பிறகு, ஒரு மாதக் குறிப்பைச் சுருக்கித் தரும் அளவுக்கு உருப்படியாக வேலை செய்தது. தூக்கக் கேள்வியில் தடுமாறியது.

இப்போது என்னிடம் இருப்பது அப்சிடியன், டெர்மினல் ஏஜென்ட், கிட். நாட்குறிப்பு தவிர மற்ற எல்லாக் குறிப்புகளையும் ஏஜென்ட் படிக்கலாம். எழுதுவதற்கு 'வரவு' என்ற ஒரே ஃபோல்டர்தான். அது எழுதியதை நான் படித்துப் பார்த்து, பிடித்தால் கையால் நகர்த்துகிறேன். நாட்குறிப்பு வேறு ஃபோல்டரில், உள்ளூர் மாதிரியின் பொறுப்பில் இருக்கிறது. தூக்கம் கெட்டதற்கான காரணம் கடைசியில் அங்கேதான் கிடைத்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.